ஜூலையில் வடகம்

போன வாரம் ஒரு பொய் சொன்னேன். அதையாவது ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம்.

ஜூலை பிறந்தால் பெங்களூரில் சூரியன் லீவு போட்டுவிடும். கூடவே என் கணவரும். போன வருஷம் சோம்பல் என்று விட்டுவிட்டேன். இந்த வருஷம் அலாரம் அடித்தாலும் சுவரைப் பார்த்தபடியே படுத்திருக்கிறார்... பொம்மனஹள்ளி ஆபீசிலிருந்து போன் வந்தால் எடுப்பதில்லை. சாம்பாரில் உப்பு இல்லை என்றுகூடக் குறை சொல்வதில்லை. அதுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது.

டாக்டர் கார்ட்டிசால் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். மன அழுத்தத்தில் ஏறும் ஹார்மோனாம். ரிப்போர்ட் நார்மல். நிம்மதியாக இருக்க வேண்டுமா இல்லையா? நானோ ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரத்தத்தில் இல்லையென்றால் எங்கேதான் இருக்கிறது?

“சிலருக்கு இந்த சீசன்ல வர்ற டிப்ரெஷன்மா. மாத்திரை தர்றேன். தினமும் காலைல வெளிச்சத்துல உக்காரட்டும், மேகமா இருந்தாலும் பரவால்ல” என்றார்.

எங்கள் அபார்ட்மென்ட்டில் வெளிச்சம் மொட்டை மாடியில்தான். அதற்கோ பூட்டு. சாவி அசோசியேஷன் செகரெட்டரி மஞ்சுநாத்திடம்.

“எதுக்கு மேடம் சாவி?”

டிப்ரெஷன் என்று எப்படிச் சொல்வது? நாளைக்கே லிஃப்டில் எல்லோரும் ஒரு மாதிரி பார்ப்பார்களே...

“வடகம் காயப்போட” என்றேன்.

அவர் ஜன்னல் வழியே தூறலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். டூப்ளிகேட் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

“காலைல நானும் மேலதான் இருப்பேன்.”

ஐந்தாறு நாள் என் கணவரைக் கெஞ்சிக் கூத்தாடி மேலே கூட்டிப்போனேன். பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவ்வளவுதான்.

நேற்று கண் விழித்தால் — கட்டிலில் ஆளில்லை. ஆணியில் சாவியும் இல்லை.

தனியாக மாடிக்கா?

லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. படியேறி ஓடினேன். அந்த நேரம் என் ரத்தத்தை எடுத்திருந்தால் ரிப்போர்ட் நிச்சயம் நார்மலாக வந்திருக்காது.

மேலே இரண்டு நாற்காலிகள். ஸ்வெட்டரும் குல்லாவுமாக என் கணவரும் மஞ்சுநாத்தும். தண்ணீர் லாரி வராததைப் பற்றிப் பேச்சு.

“வடகம் எங்க மேடம்?” என்றார் மஞ்சுநாத், சிரிக்காமல்.

மூச்சு வாங்க, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

“அது கெடக்கட்டும்” என்றார் என் கணவர். “மேரி, நேத்து சாம்பார்ல உப்பே இல்ல.”

ஜூலை இன்னும் முடியவில்லை. என் பயமும்தான்.

இன்றைக்கும் சாம்பாரில் உப்பைக் குறைத்தே போட்டிருக்கிறேன்.