மனைவி இழுத்த ஹேண்ட் பிரேக்

எங்கள் ஊர் நெல்லிக்குப்பம். கரும்பு டிராக்டர்கள் ஓடி ஓடிப் பள்ளமான தெருவில் எங்கள் எஸ்யூவியின் அடிப்பாகம் தட்டிக்கொண்டே இருந்தது. வண்டியை உயர்த்த முழு கிட் வாங்குவதைவிட, ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசர் மலிவு என்று ஆன்லைனில் வாங்கி, வீடியோ பார்த்து நானே மாட்டினேன். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியும் ஆயிற்று. ஒர்க்‌ஷாப்பில் காட்டத்தான் தோன்றவில்லை.

அந்த ஞாயிறு சிதம்பரத்தில் மாமனார் வீட்டுக்குக் கிளம்பினோம். கடலூர் தாண்டியதுமே மனைவி, "பிரேக் புடிக்கிறப்ப உங்க காலு ஜாஸ்தி உள்ள போவுதுங்க. நிறுத்திப் பாருங்க" என்றாள். "ஸ்கூட்டி ஓட்டுறவளுக்கு இதெல்லாம் என்னா தெரியும்?" என்று பாட்டைச் சத்தமாக வைத்தேன்.

சிதம்பரம் நெருங்கும்போது முன்னால் போன கரும்பு டிராக்டர் மெதுவானது. பிரேக்கை மிதித்தேன், தரைவரை போனது, வண்டி நிற்கவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவிதான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். கரும்புத் தோகை கண்ணாடியில் உரச நின்றோம்.

வண்டியை உயர்த்தியதில் பிரேக் ஆயில் குழாய் நீளம் போதாமல் இழுபட்டுக் கிழிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. போனில் கேட்டுப் பதறி ஓடிவந்த மாமனாரிடம், "கம்பெனி கோளாறு மாமா" என்றேன். பக்கத்தில் நின்ற மனைவி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஸ்பேசரைக் கழற்றிவிட்டேன். அவள் "என்னமோ சத்தம் கேக்குது" என்றால் உடனே ஓரங்கட்டுகிறேன். மாமனாரிடம் உண்மையைச் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை. நான் இதை எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகையை அவர் ஒரு வரி விடாமல் படிப்பவர்.