முடிவு பதியாத படம்

பழைய வீடியோ நாடாக்களை, எங்கள் பேச்சில் படக் கொப்பிகளை, பென்டிரைவுக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். சின்ன வயதில் பார்த்த படத்தை மறுபடி பார்க்கப் பயப்படுகிறீர்களா? நானும் உங்கள் ஆள்தான். அன்று படம் பார்த்ததைப் பற்றி அக்கா சொல்லும் கதையைப் பல வருடங்களாக என்னால் நம்பமுடியவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சத்தம்

சண்டைக் காலத்தில் எங்களுக்குக் கரண்ட் இல்லை. வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுத்துப் படம் பார்ப்போம். ஜெனரேற்றர் இரைச்சலில் விமானம் வருவது கேட்காது. அதனால் யாராவது ஒருவர் ஒழுங்கை முடக்கில், சந்து திரும்பும் இடத்தில் நின்று வானத்துக்குக் காது கொடுக்கவேண்டும்.

அண்மையில் கோப்பாயிலிருந்து ஒருவர் பேய்ப்படக் கொப்பியோடு என் கடைக்கு வந்தார். கடையிலேயே போட்டுக் காட்டினேன். பேயைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தார். பாட்டு வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்த்தார்.

"சத்தத்தைக் குறையுங்கோ அண்ணை. வெளியிலை என்ன வருதெண்டு கேக்காது."

வில்லன்

மயிலிட்டியை விட்டு ஓடும்போது தன்னோடு கொண்டுபோன கொப்பியை ஒரு அம்மா கடைக்குக் கொண்டுவந்தார். சிறுமியாக இருந்தபோது அந்தப் படத்தில் வரும் வில்லனுக்குப் பயந்து கிணற்றடிக்கும் தனியே போகமாட்டாராம். கதிரை நுனியில் இருந்து பார்த்தார். வில்லன் வந்தான், சிரித்தான், சுட்டான். அந்த அம்மாவின் முகத்தில் ஏமாற்றம்.

"உவன் பாவம் தம்பி. ஒரு துவக்குத்தானே வைச்சிருக்கிறான்."

எங்கடை கொப்பி

இது மாமா கொழும்பில் பதிந்து அனுப்பியது. நாங்கள் அதைப் பார்த்த அன்று ஒழுங்கை முடக்கில் விமானக் குண்டு விழுந்து எங்கள் அண்ணை செத்துப்போனார். நான் சின்னவன், திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பது தெரியாது. படத்தின் முடிவும் ஞாபகமில்லை. குண்டுச் சத்தம் அதை அழித்துவிட்டது என்றே நினைத்திருந்தேன்.

அக்கா எப்போதும் சொல்வது இதுதான்: "அண்ணை படம் முடியுமட்டும் உனக்குப் பக்கத்திலைதான் இருந்தவர். கடைசிச் சீனுக்கு அழுதவர். பிறகுதான் வெளியிலை போனவர்."

ஊரார் கொப்பிகளையெல்லாம் துடைத்து ஓட்டிய நான் இதைத் தொடப் பயந்தே இருந்தேன். போன கிழமை அச்சுவேலியில் அக்கா வீட்டிலிருந்து எடுத்துவந்து போட்டேன். ஒரு பாட்டின் நடுவில் படம் நின்றது. நாடா அறுந்திருக்கவில்லை. பதியும்போதே இடம் முடிந்திருக்கிறது.

அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"என்னடா, படம் எப்பிடி?" என்றார்.

"அக்கா, கொப்பியிலை முடிவே இல்லை. அண்டைக்குப் படம் ஓடேக்கை முடக்கிலை ஆர் நிண்டது?"