கறுப்பு ரீலுக்கு நல்ல தண்ணீர்

கோவில்பட்டியில் கடல்மீன் பிடிக்கிற தூண்டில் ரீல் இருந்த வீடு அந்நாளில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். சுற்றிலும் கரிசல்காடு. கடலைப் பார்க்கத் தூத்துக்குடிக்குப் பஸ் ஏற வேண்டும். அம்மா பிறந்தது அங்கேதான். அவளுடைய தம்பி, என் மாமா, தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை கிடைத்து எங்களோடு தங்கியிருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் தூண்டிலோடு கிளம்பிவிடுவார்.

ரீலை ஒரு கப்பல்காரரிடம் அவர் வாங்கியபோது நானும் கூட இருந்தேன். கப்பல்காரரிடம் இரண்டு இருந்தன. ஒன்று வெள்ளியாய் மின்னியது; மற்றது கறுப்பு, நல்ல கனம். நான் மின்னியதைக் காட்டினேன். மாமா இரண்டின் கைப்பிடியையும் சுற்றிக் காதருகே வைத்துக் கேட்டார். மின்னியது கரகரத்தது. நரம்பு சுற்றும் உருளையின் விளிம்பை என்னைத் தடவிப் பார்க்கச் சொன்னார். கீறல் ஒன்று நெருடியது.

"இதுல உரசியே நைலான் நரம்பு அறுந்துபோவும். கறுப்பே போதும்."

கடலுக்குப் போய் வந்தால் உப்புப் போக நல்ல தண்ணீரில் அதைக் கழுவி, துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். எண்ணெய்க்குத் தையல் மிஷின் எண்ணெய் இருந்தது. தண்ணீர்தான் வம்பு. எங்கள் கிணறு உப்பு. குடிதண்ணீர் மாட்டுவண்டியில் வரும். மாமா குடத்தில் செம்பை விட்டதை அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏலே, பிள்ளைகளுக்கே அளந்து ஊத்துதேன். ஒன் இரும்புக்குக் குளிப்பாட்டா?"

"கெணத்துத் தண்ணியில கழுவுனா உப்பு எப்படிக்கா போவும்?"

"அப்பக் கழுவாத."

சில வாரங்களில், நரம்பை உருளையில் சேர்க்கிற வளைகம்பியின் மூட்டில் துரு பூத்தது. மாமா அம்மாவோடு பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

அப்போதுதான் உறவுக் குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு எல்லாரும் தூத்துக்குடி போனோம். சாப்பாடு முடிந்து கடற்கரைக்கு நடந்தோம். மாமா தூண்டில் வீசுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இங்கன கொண்டா" என்று கை நீட்டினாள். விரலால் நரம்பைப் பிடித்து, வளைகம்பியைத் திறந்து, வீசும்போது விரலை எடுக்க வேண்டும் என்று மாமா காட்டினார். முதல் வீச்சு அவள் காலடியிலேயே விழுந்தது. அடுத்தது அலைகளைத் தாண்டிப் போயிற்று.

மீன் இழுத்தது. மாமா ஓடிவந்து கம்பைப் பிடித்தார்.

"கைய எடு. நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் அம்மா.

"ரீல் மேல இருக்க திருகாணியக் கொஞ்சம் தளத்துக்கா."

தளர்த்தினாள். மீன் இழுக்க இழுக்க உருளை நழுவி நரம்பைக் கொடுத்தது. அது ஓய்ந்ததும் சுற்றினாள். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது. நல்ல பாரை மீன் ஒன்று மணலில் வந்து துள்ளியது. கடலில் கால் நனைத்தேயிராத கழுகுமலைக்காரரான அப்பா, அவளுடைய செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார்.

வீடு திரும்பியதும் அம்மா சேலைகூட மாற்றவில்லை. குடத்திலிருந்து செம்பில் நல்ல தண்ணீர் மொண்டு மாமாவிடம் நீட்டினாள். "மூட்டுல நல்லா ஊத்து."

மாமா கழுவிக்கொண்டே கேட்டார்: "அடுத்த வாரமும் வாறியாக்கா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுச் சொன்னார்: "போயிட்டு வா. பிள்ளைகளுக்கு நான் சோறு பொங்கிப் போட்டுக்கிடுதேன்."

அம்மா அடுக்களைக்குள் போனாள். வெகுநேரமாகியும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பி, முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

தன் அடுப்பில் அப்பா கைவைக்கப் போகிறாரே என்று அவளுக்குக் கோபம் போலும் என்று நினைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.