லெட்சுமி வீட்டு வாசலில் வலைப்பந்து

சரோஜா அக்கா கைதட்டினால் விரல் இடுக்கிலிருந்து வெள்ளைப் பொடி பறக்கும். கமுந்திங் நகரில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் பகல் வேலை முடித்து, பேருந்திலிருந்து இறங்கி, சீருடையைக்கூட மாற்றாமல் நேரே திடலுக்கு வந்துவிடுவாள் என்பதால், மழை விட்ட புல்லின் வாசனையோடு ரப்பரும் மாவும் கலந்த அந்த மணமும் எங்கள் மாலைகளில் சேர்ந்தே இருந்தது.

எங்கள் ரப்பர் தோட்டத்துப் பெண்பிள்ளைகளைச் சேர்த்து, ‘போலா ஜாரிங்’ என்று நாங்கள் சொல்லும் வலைப்பந்துக்கு ஒரு குழு அமைத்தவள் அவள்தான். அவளுக்கே அப்போது இருபதைத் தாண்டிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கும். பையன்கள் காற்பந்து ஆடும் திடலைச் சில மாலைகளுக்கு எங்களுக்கும் கேட்டு வாங்கியிருந்தாள். ‘கிராணி’ என்று நாங்கள் சொல்லும் தோட்டத்துக் கணக்கர் அதற்கு ஒரு நிபந்தனை போட்டார்: சுற்றுவட்டாரத் தோட்டங்களுக்கிடையே நடக்கும் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றால் திடல் மறுபடி பையன்களுக்குத்தான்.

அந்தப் பயம் அக்காவின் குரலில் ஏறிவிட்டது. “என்னலா இது, மரம் மாதிரி நிக்கிறீங்க! ஓடுங்கலா!” என்று திடல் அதிரக் கத்துவாள். எங்களில் வளையத்துக்குள் பந்தைத் தவறாமல் போடக்கூடியவள் லெட்சுமி ஒருத்திதான். அவள் அடிக்கடி தாமதமாக வந்தாள். ஒருநாள் எல்லார் முன்னிலையிலும் அக்கா, “நாளையிலேருந்து நீ வர வேணாம், நான் வேற ஆளு போட்டுக்கிறேன்” என்று சொல்லிவிட்டாள். லெட்சுமி பந்தைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். அதற்குப் பிறகு ஒருத்திக்கு வயிற்றுவலி, இன்னொருத்திக்கு டியூஷன் என்று குழுவே கரைந்துபோனது. நான் மட்டும் பக்கத்து வீட்டுக்காரி என்பதால் தப்பிக்க வழியில்லாமல் போய்க்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அக்கா முகம் சிவந்து வந்தாள். காலையில் பேருந்து பழுதாகி நின்றதால் வேலைக்குப் பிந்திப் போயிருக்கிறாள். மேற்பார்வையாளர் காரணம் கேட்காமல், எல்லாரும் பார்க்க ஏசியிருக்கிறார். அதை என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதி வாக்கியத்தில் நின்றாள். “லெட்சுமி வீட்டுக்குப் போலாம், வா” என்றாள்.

லெட்சுமி கைக்குழந்தையான தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு சோறு வடித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தம்பி அவள் பாவாடையைப் பிடித்திருந்தான். அவள் அம்மா மாலை வேலைக்கு மாறியிருந்தார். அப்பா கால் முறிந்து படுத்திருந்தார்.

“ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கல அக்கா.”

அக்கா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு குழந்தையைக் கைநீட்டி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “நீ திடலுக்கு வர முடியல. பந்து இங்க வந்தா ஆடுவியா?”

அடுத்த நாளே லெட்சுமி வீட்டெதிரில் இருந்த ரம்புத்தான் மரத்தில் பழைய சைக்கிள் வளையம் ஒன்று ஏறியது. விட்டுப்போனவர்கள் வேடிக்கை பார்க்க வந்து, பிறகு ஆட வந்தார்கள். பந்து தகரக் கூரையில் விழும்போதெல்லாம் லயத்து வரிசைவீட்டுப் பெண்கள் சத்தம் போட்டார்கள். இளைப்பாறுகிறவள் குழந்தையைத் தூக்க வேண்டும் என்பது எங்கள் சட்டமாகிவிட்டது. அக்கா கத்துவதை அடியோடு விட்டுவிட்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கத்துவதற்கு முன் கேட்கத் தொடங்கினாள். “உனக்கு எங்க நின்னா பயமா இருக்கு?” என்று என்னிடம் கேட்டாள். வளையத்துக்கு அடியில், எல்லாரும் முட்டி மோதும் இடத்தில் என்றேன். அன்றிலிருந்து பயிற்சியில் எனக்கெதிராக அவளே வந்து நின்று, பயம் தெளியும்வரை தோளோடு தோள் மோதினாள்.

போட்டிக்கு லெட்சுமியின் தம்பிகளையும் தூக்கிக்கொண்டு போனோம். பாதி ஆட்டம் முடிந்தபோது நாங்கள் பின்தங்கியிருந்தோம். அக்காவின் வாய் திறந்ததைப் பார்த்து, கத்தப்போகிறாள் என்றே நினைத்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். “உள்ள என்ன நடக்குது? சொல்லுங்க.”

“எதிர்டீம் பொண்ணு ரொம்ப உயரம் அக்கா, என்னை மறைச்சிக்கிட்டே நிக்கிறா,” என்றாள் லெட்சுமி. “என் தலைக்கு மேல போட வேணாம். முன்னால ஓடி வாரேன், தாழ்வா போடச் சொல்லுங்க.”

“நீயே அவங்ககிட்ட சொல்லு,” என்றாள் அக்கா.

ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றோம். அடுத்த ஆட்டத்தில் படுதோல்விதான். அதனால் என்ன, திடல் எங்களிடமே இருந்தது. தோட்டம் கைமாறும்வரை மாலைகளில் அங்கே பெண்பிள்ளைகள் ஆடினார்கள்.

இப்போது நான் ஈப்போவில் ஒரு பேரங்காடியில் ஷிப்டு மேற்பார்வையாளர். என் கீழே வேலை செய்யும் பெண்களில் யாராவது பிந்தி வந்தால், எனக்கும் குரல்தான் முதலில் எழுகிறது. அதை விழுங்க இன்னமும் பழகிக்கொண்டிருக்கிறேன். சென்ற மாதம் எங்கள் பழைய தோட்டத்துப் பக்கம் போயிருந்தபோது வண்டியை உள்ளே திருப்பினேன். லயங்கள் இல்லை, ரப்பர் மரங்கள் இல்லை. திடல் இருந்த இடத்தில் சுற்றுச்சுவரோடு ஒரு குடியிருப்பு. நுழைவாயில் காவலர் தடுப்புக் கம்பியை உயர்த்தாமல், யார் வீட்டுக்கு என்று மலாய் மொழியில் மரியாதையாகக் கேட்டார். எனக்குத் தெரிந்த பெயர்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. வழி தவறி வந்துவிட்டேன் என்று சொல்லி வண்டியைப் பின்னால் எடுத்தேன்.