அண்ணனின் வாழைக்கு நான் சொன்ன கலவை

அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு ஏர் பிடித்தவர் அண்ணன். என்னை மட்டும் வேளாண்மை படிக்க வைத்தார். தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஓர் உரக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். காரமடைப் பக்கம் எங்கள் காட்டில் அவர் நேந்திரன் வாழை போட்டிருந்தார்.

அந்த வருடம் கன்றுகளுக்கு நடுவே கோரை மண்டிவிட்டது. களைக்கொல்லி அடித்துப் பதினைந்து நாளாகியும் வாடவில்லை. பஸ் ஏறிக் கடைக்கே வந்துவிட்டார்.

"ஏனம்மணி, இது மருந்தா, பன்னீரா? முன்னைக்கு இப்பத்தான் பச்சையா நிக்குது."

"எந்தத் தண்ணியில கலக்குனீங்ண்ணா?"

"நம்ம போர்த் தண்ணிதான்."

சோப்பு நுரைக்காத தண்ணீர் அது. அதிலிருக்கும் சுண்ணாம்பு மருந்தைக் கட்டிப்போட்டுவிடும் என்றேன். முதலில் அம்மோனியம் சல்பேட்டைக் கரைத்துவிட்டு மருந்தை ஊற்றச் சொன்னேன். கோரைத் தாள் வழவழப்பானது, துளி உருண்டு ஓடிவிடும். அதனால் கடைசியில் கொஞ்சம் ஒட்டுத் திரவமும் சேர்க்கச் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அண்ணன் சீட்டில் எழுதிக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமையில் ஒன்றைக் கேட்க மறந்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஊருக்குப் போனேன். கோரை முழுக்கக் கருகிக் கிடந்தது. வாழைக் குருத்துகளும் மஞ்சளாகி, கயிறாய்ச் சுருண்டிருந்தன. அண்ணன் வரப்பில் நின்றிருந்தார்.

"நீ சொன்னது சரிதான் அம்மணி. மருந்து நல்லா வேலை செஞ்சுபோடுச்சு."

குரலில் குத்தலே இல்லை.

"கன்னு மேல தெறிக்காம நாசிலுக்கு மூடி மாட்டலீங்களாண்ணா?"

"போன தடவை கன்னு மேலயும் பட்டுது, ஒண்ணும் ஆகல. வாழையை இது தொடாதாட்டம் இருக்குதுன்னு உட்டுட்டேன்."

அப்போதுதான் உறைத்தது. கோரையைக் காப்பாற்றிய அதே உப்புத் தண்ணீர்தான் வாழையையும் காப்பாற்றியிருந்தது. மருந்துக்குப் பல் முளைக்க வைத்த நான், அது எதையும் கடிக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு, பிழைக்குமா என்று குருத்து குருத்தாகப் பார்த்து நடந்தேன். பிழைக்கவில்லை. எட்டாம் நாள் அண்ணன் அரிவாளை எடுத்தார். நான் கை வைக்கப் போனதும், "நீ ஊட்டுக்குப் போ கண்ணு" என்றார். சாயங்காலம்வரை தனியாக வெட்டினார்.

அடுத்த மாதம் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மில் வேலைக்குப் போனார்.

ஒருமுறை துணிந்து கேட்டேன். "எம் மேல கோவமுங்ளாண்ணா?"

"உம் மேல என்னத்துக்குக் கோவம்?" என்று சிரித்துவிட்டு, பஸ்ஸில் வந்த கூட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

இன்றும் வருவார். என் குழந்தைகளைக் கேட்பார், உடம்பைக் கேட்பார். வெள்ளாமை பற்றி மட்டும் அதன்பிறகு என்னிடம் அவர் ஒரு யோசனையும் கேட்டதில்லை. ஒருநாளாவது திட்டியிருக்கலாம்.