கடைசிக் குழாயின் அழுத்தம்

என் அக்கா புருஷன் குடிநீர் அலுவலகத்தில் ஒப்பந்த வேலைக்காரர். குழாய்களில் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் சென்சார்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவர் பிழைப்பு. தண்ணீரை அளக்கிற மனிதர் வீட்டில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லி எங்கள் தெரு சிரித்து ஓய்ந்துவிட்டது.

ஊருக்குப் போகும் குழாயில் எங்கள் தெருதான் கடைசி. காலையில் குழாயைத் திறந்தால் ஒரு இருமல், அப்புறம் வெறும் காற்று. லாரி வந்தால்தான் தண்ணீர். அக்கா இருப்பது மூன்றாவது மாடி. முதுகில் ஆபரேஷன் ஆனவள். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அப்ப அந்த டாக்டரே வந்து தூக்கிக் குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றுவாள். தெருவின் மறுகோடியிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் பாதிக் குடங்கள் மேலே போயிருக்கும்.

"ஊருக்கெல்லாம் அளக்கிறீங்க, நம்ம தெருவுக்கு ஒண்ணு மாட்டுங்களேன். தண்ணி வரலன்னு ஆபீசுக்காவது தெரியட்டும்" என்று அவள் மாமாவை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். ஒரு வழியாக அனுமதி வாங்கி, தெருமுனை வால்வுக் குழியில் மாமா ஒரு சென்சாரை மாட்டினார். கட்டைவிரல் அளவு எஃகுத் துண்டு. உள்ளே இருக்கும் மெல்லிய தகடு தண்ணீர் அழுத்தினால் துளி வளையும். அதன் வழியாக மாறாத கரண்ட்டை, ஒரே ஒரு மில்லிஆம்பியர், விட்டுக்கொண்டே இருந்தால் அழுத்தத்துக்கு ஏற்ப மறுபக்கம் சில மில்லிவோல்ட் வரும். அதுதான் கணக்கு.

"எதுக்கு மாமா மாறாத கரண்ட்?" என்று கேட்டேன்.

"வயர் நீளமா இருக்கும், வெயில்ல குழி கொதிக்கும். கரண்ட்ட மட்டும் அசையாம புடிச்சு வெச்சுட்டா, அளவு எறங்குனதுக்குக் காரணம் தண்ணிதான்னு அடிச்சுச் சொல்லலாம். வயர் மேல பழி போட முடியாது."

மாமா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

தண்ணீர் விடும் நேரத்தில் அளவு பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் வராததை ஒரு கருவியே சாட்சி சொல்லிவிட்டதே! லாரி வரிசையில் நின்றுகொண்டு, "எங்க வீட்டுக்காரர் அளந்து குடுத்துட்டார். இனி தன்னால வரும் பாருங்க" என்று எல்லோரிடமும் சொன்னாள்.

இதன்பின் ஆபீசில் நடந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒவ்வொரு தெருவின் அழுத்தத்தையும் ஜனங்கள் செல்போனிலேயே பார்க்கலாம் என்று மேலிடம் அறிவித்திருந்த சமயம் அது. எங்கள் தெருவின் அளவைப் பார்த்த இன்ஜினியர், "சென்சார் கெட்டுப்போச்சுங்க" என்றார்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மீட்டரை மின்சுற்றில் கோத்து, கரண்ட் அசையாமல் நிற்பதை முதலில் காட்டினார். பிறகு சென்சாரைக் கழற்றி வந்து, ஆபீஸ் மாடிப்படியின் அடியில் ஒரு ஒளிபுகும் ஹோஸில் பொருத்தி, தண்ணீர் நிரப்பினார். பியூன் ஹோஸின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சட்டையெல்லாம் நனைய மாடி ஏறினார். ஒவ்வொரு மாடிக்கும் மில்லிவோல்ட் ஒரே அளவாகக் கூடியது. சென்சார்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இன்ஜினியர் முட்டாள் இல்லை. இதைவிட நன்றாகவே அவருக்கு எல்லாம் தெரியும்.

"அருமையான சென்சாருங்க. இதப் போய் அந்தக் கடைசிக் குழியில வெச்சு வீணாக்கலாமா? பம்ப் ஹவுஸ் வாசல்ல மாட்டிடுங்க. செல்போன்ல தெரு பேரு மட்டும் அப்படியே இருக்கட்டும்."

"சார், அது..."

"அடுத்த ஒப்பந்தத்துல கையெழுத்து நான்தாங்க போடணும்."

மாமா மாட்டிவிட்டு வந்தார். வீட்டில் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரமே செல்போனில் எங்கள் தெருவின் அழுத்தம் ஜம்மென்று ஏறி நின்றது. குழாயில் அதே இருமல்தான். ஜனங்கள் போய்க் கூச்சல் போட, இன்ஜினியரே தெருவுக்கு வந்துவிட்டார். செல்போனை நீட்டிக் காட்டினார். யாரும் நம்பவில்லை.

"இத மாட்டினவர் உங்க தெருக்காரர்தானே? அவரையே கேளுங்க. ஏங்க, சென்சார்ல எதாவது தப்பு இருக்கா?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். அக்கா மேலே ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சென்சார் சரியாத்தான் இருக்கு" என்றார் மாமா.

சொன்னதில் பொய் இல்லை.

இன்ஜினியர் வண்டியேறிப் போய்விட்டார். கீழ்வீட்டு டைலர்தான் ஆரம்பித்தார். "அழுத்தம் இருக்கு, தண்ணி இல்ல. அப்ப நடுவுல எவனோ மோட்டார் போட்டு உறிஞ்சுறான். அந்த வேலையெல்லாம் இந்தத் தெருவுல யாருக்குத் தெரியும்?"

பதிலை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கும்பல் மாடிப்படி ஏறியது. நான் குறுக்கே போய் நின்றேன். என்னைத் தள்ளியது அக்காதான்.

"விடுடா, பாக்கட்டும். மடியில கனமில்ல."

அவளே ஒவ்வொரு கதவாகத் திறந்துவிட்டாள். குளியலறையைப் பார்த்தார்கள். சமையல் மேடைக்குக் கீழே பார்த்தார்கள். பீரோவைக்கூட ஒரு பெண் திறந்தாள். "கட்டிலுக்கு அடியில பாக்கலியே, பாருங்க" என்று அக்காவே சொல்ல, டைலர் முட்டி போட்டுக் குனிந்து பார்த்தார். உள்ளே காலி குடங்கள்தான் இருந்தன. மன்னிப்புக் கேட்க ஒரு ஆள் இல்லை. "மொட்ட மாடியில ஒளிச்சிருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே மேலே ஏறினார்கள்.

மாமா அத்தனை நேரமும் வாசலோரம், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். கும்பல் இறங்கிப் போன பிறகுதான் பேச்சு வந்தது.

"சென்சார் நம்ம தெருவுல இல்ல. பம்ப் ஹவுஸ்ல இருக்கு. மாத்தச் சொன்னாங்க."

அக்கா திறந்து கிடந்த பீரோவைச் சாத்தினாள். பிறகு திரும்பினாள்.

"அந்தாளு என் கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பாத்தாரே, அப்பவும் உங்களுக்கு இது தெரியும்."

"தெரியும்."

"வாசல்லதான நின்னீங்க?"

"வேலை போயிடும்..."

அக்கா கட்டிலுக்கு அடியில் கலைந்து கிடந்த குடங்களைச் சரியாக அடுக்கினாள். மாமாவுக்கு ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது. நேரத்துக்கு வீடு திரும்புகிறார். அக்கா தட்டை வைத்துச் சாப்பாடு போடுகிறாள். போதுமா என்று கேட்பதில்லை.