முருகையன் இருந்த பத்தியம்

“எந்திரிடா சோம்பேறி” என்று இடது தொடையில் ஒரு தட்டு. “உனக்கென்ன, தனியா தாம்பூலம் வச்சு அழைக்கணுமா?” என்று வலது தொடையில் இன்னொன்று. இரண்டையும் வைது முடித்த பிறகுதான் முருகையன் கட்டிலை விட்டு இறங்குவார். உழவு மாட்டைக்கூட அவர் இவ்வளவு திட்டியதில்லை. அடுப்படியிலிருந்து அவர் மனைவி காத்தாயி, “காலோட பேசி முடிச்சாச்சுன்னா காப்பி குடிக்க வாங்க” என்பாள்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே, வாய்க்காலை ஒட்டி அவருக்கு ஒரு ஏக்கர் நஞ்சை. பண்ணையாளாக இருந்த அப்பா குத்தகைக்குப் பிடித்து உழுத நிலம். உழுகிற குத்தகைக்காரனை வெளியேற்றக் கூடாதென்று சட்டம் வந்ததும் அப்பா தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து குத்தகையைப் பதிந்துவிட்டார். மிராசுதார் கேஸ் போட்டார், ஆள் விட்டு நாற்றங்காலை மிதித்தார், கடைசியில் ஓய்ந்துபோய்ப் பாதி நிலத்தை எழுதிக் கொடுத்தார். அந்தப் பாதிதான் இது. அதனால் குத்தகை என்ற பேச்சை எடுத்தாலே முருகையனுக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். “குத்தகைக்கு விட்ட நெலம் எங்க போவும்னு எங்களுக்கா தெரியாது? நாங்களே அப்புடி வாங்குனவங்கதான!” என்பார்.

போன வருஷம் அவருக்கு நெஞ்சடைத்தது. தஞ்சாவூரில் அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, கொழுப்பைக் குறைக்க ராத்திரிக்கு ஒரு மாத்திரையும் எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். நெஞ்சு சொன்ன பேச்சைக் கேட்டது. தொடைகள்தான் மக்கர் பண்ண ஆரம்பித்தன. உட்கார்ந்தால் எழ முடியாது, எழுந்தால் உட்கார முடியாது. எரிவாயுக் கிணறு தோண்டக் கூடாதென்று ஊரே சாலை மறியல் செய்தபோது முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். போலீஸ் வந்தது, எல்லோரும் எழுந்தார்கள், இவர் மட்டும் அசையவில்லை. இரண்டு கான்ஸ்டபிள்கள் கைத்தாங்கலாகத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். ஊரே கைதட்டியது. இவரோ அந்தப் பிள்ளைகளிடம், “நல்லா இருப்பீங்க தம்பி, நீங்க தூக்கலன்னா ராத்திரி வரைக்கும் அங்கதான் கெடந்திருப்பேன்” என்றாராம்.

இதைக் கேட்ட பிறகு காத்தாயி ஒரே பிடியாய்ப் பிடித்துக்கொண்டாள். “சம்பா நடவுக்குள்ள சேத்துல எறங்கி நடந்து காட்டுங்க. இல்லன்னா வயல வீரையனுக்குக் குத்தகைக்கு விட்ருவோம். நீங்க வரப்புல விழுந்து கெடக்குறத என்னால பாக்க முடியாது.” வீரையன் பக்கத்து வயல்காரர், நல்ல மனுஷர்தான், உழைப்பாளி. அதுதான் முருகையனுக்கு இன்னும் பயம்.

மஸ்கட்டில் நர்சாக இருக்கும் மகள் பூங்கொடி ஊர் திரும்பிய ஆளிடம் ஒரு டப்பா கொடுத்து அனுப்பினாள். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கொழுகொழுவென்று எண்ணெய் மாத்திரைகள். “கோஎன்சைம் கியூ டென்னுப்பா, சத்து மாத்திரை. டாக்டர கேட்டுட்டுச் சாப்புடுங்க” என்றாள். சத்து என்பது காதில் விழுந்தது. டாக்டர் என்பது விழவில்லை.

அன்றிலிருந்து மனுஷர் பத்தியம் இருக்க ஆரம்பித்துவிட்டார். அவர் கணக்கில் பத்தியம் இல்லாததெல்லாம் மருந்தே இல்லை, மிட்டாய். மீனை விட்டார், ஈரலை விட்டார், வேர்க்கடலையை விட்டார், நல்லெண்ணெயை வாசம்கூடப் பிடிக்கவில்லை. விடியற்காலையில் வெறும் வயிற்றில் நீராகாரத்தோடு ஒரு மாத்திரை, பகலில் ரசம் சோறு, சுட்ட அப்பளம். மீன்காரி சைக்கிள் மணி அடித்துக்கொண்டு தெருவில் போனால் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வார். மத்தி மீன் என்றால் உயிரை விடுகிற மனுஷர், பாவம்! கன்னம் ஒட்டிப்போனதே தவிர கால் வலி ஒரு இம்மிகூட நகரவில்லை.

நடவு நெருங்க நெருங்க அவருக்குத் தூக்கம் போயிற்று. ஒரு நாள் டப்பாவைத் துண்டில் முடிந்துகொண்டு, நீடாமங்கலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் சேக் தாவூதிடம் போனார்.

“பாய், இது கேக்க மாட்டேங்குது. போலியான்னு பாருங்க.”

“எப்படிண்ணே சாப்புடுறீங்க?”

முருகையன் தன் பத்தியத்தைப் பெருமையாக ஒப்பித்தார். தாவூது முதலில் வாயைப் பொத்திக்கொண்டார், பிறகு முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“அட போங்கண்ணே! இது எண்ணெய்ல கரையுற சரக்கு. எண்ணெய், மீனுன்னு கொழுப்புள்ள சாப்பாட்டோட போட்டாத்தான் ஒடம்புல ஒட்டும். இந்தச் சத்த நம்ம ஒடம்பே செய்யுது, சதைக்குத் தெம்பு குடுக்குறது அதுதான். மத்தி, ஈரல், வேர்க்கடலை, எள்ளு, எல்லாத்துலயும் கொஞ்சங்கொஞ்சம் இருக்கு. நீங்க எத மாத்திரையா முழுங்குறீங்களோ அதையே தட்டுலேருந்து தள்ளி வச்சிருக்கீங்க.”

“அடக் கடவுளே! அப்ப மத்தி தின்னலாமா?”

“தாராளமா. ஆனா ஒண்ணு, இந்த மாத்திரை சில பேருக்குக் கேக்குது, சில பேருக்கு ஒண்ணும் தெரியல. பெரிய டாக்டருங்களே ரெண்டு விதமாத்தான் சொல்றாங்க. நீங்க ராத்திரி போடுற கொழுப்பு மாத்திரையாலயும் சில பேருக்குத் தொடை வலிக்கும், அதுக்காக அத நீங்களா நிறுத்திடாதீங்க. டாக்டர்ட்ட தொடை வலியச் சொன்னீங்களா?”

“அவரு நெஞ்சு டாக்டராச்சே. அவருகிட்ட போயி காலப் பத்திப் பேசுனா மரியாதையா இருக்குமா?”

தாவூது தலையில் அடித்துக்கொண்டார். மறுநாளே காத்தாயி அவரைத் தஞ்சாவூருக்கு இழுத்துப் போனாள். டாக்டர் ரத்தத்தைச் சோதித்துக் கொழுப்பு மாத்திரையை வேறொன்றாக மாற்றினார். மகள் அனுப்பியதையும் பார்த்துவிட்டு, “சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்க, பாப்போம்” என்றார். திரும்பி வந்த அன்றே வீட்டில் மத்தி மீன் குழம்பு. முருகையன் முள்ளைக்கூட விட்டு வைக்கவில்லை.

மெல்ல மெல்ல வலி பாதிக்குமேல் குறைந்தது. டாக்டர் மாற்றிய மாத்திரையா, மகள் அனுப்பியதா, மத்தியா, எது கேட்டது என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், “மூணுக்கும் நல்ல பேரு குடுத்துட்டுப் போவமே, நமக்கென்ன கொறஞ்சு போச்சு?” என்று சிரிக்கிறார்.

நடவு நாளில், வெளுத்த வேட்டியும் மடியில் வெற்றிலை பாக்குமாக வீரையன் குத்தகை பேசி முடிக்க வரப்பில் வந்து நின்றார்.

“என்னண்ணே, என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?”

பெண்களோடு நட்டுக்கொண்டிருந்த காத்தாயி நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். முருகையன் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். புதைந்த காலை ஒவ்வொன்றாய்ப் பிடுங்கி வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு வயலின் நடுவுக்கே போனார். அங்கே குனிந்து, கட்டிப் போட்டிருந்த ஒரு நாற்று முடியை எடுத்தார். தண்ணீர் சொட்டச் சொட்ட அதை வீரையன் பக்கம் வீசினார்.

“பிடிங்க தம்பி, அந்த மூலைக்கு ஆள் பத்தல.”